வாசகர் கேள்வி - பதில்: பழைய மோஷன் கண்ட்ரோலரும் புதிய கணினியும்

இயந்திரத்தின் அசைவுகளை ஆளும் கருவிகளான பழைய மோஷன் கண்ட்ரோலர்களுடன் கணினியை இணைக்க முடியாமல் தவிக்கும் பராமரிப்புப் பணியாளர்களின் கேள்விகளே இந்த முறை மிகுதியாக வந்துள்ளன. விடைகளுக்குள் செல்லும் முன் எல்லோருக்கும் பொதுவான ஒரு வேண்டுகோள் உண்டு. டிரைவ்கள் இயங்கும்போது மட்டும் தெரியும் தொல்லைகளைத் தேடுவதைத் தவிர, கீழே சொல்லப்படும் மற்ற எந்தச் சோதனையையும், மோட்டார்களுக்கு மின்னோட்டம் தரும் சர்வோ டிரைவ்களுக்கான மின்சாரத்தைத் துண்டித்து, கண்ட்ரோலரின் மின்சாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு செய்யுங்கள். மேலும் கீழும் அசையும் பகுதி, அதாவது செங்குத்து அச்சு இருந்தால், அது சரிந்து இறங்காதபடி முதலில் முட்டுக் கொடுத்துவிடுங்கள். சில மென்பொருள்கள் இணைப்பு கிடைத்த உடனே கண்ட்ரோலரில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்துகின்றன. சில கண்ட்ரோலர்கள் மின்சாரம் வந்த உடனே தாமாகவே ஒரு நிரலை ஓட்டத் தொடங்குகின்றன. இவற்றில் எது நடந்தாலும் அச்சு அசையக் கூடாது.

கேள்வி: எங்கள் இயந்திரத்தில் சீரியல் போர்ட் உள்ள பழைய கண்ட்ரோலர் ஒன்று இருக்கிறது. இதுவரை பயன்படுத்திய கணினி பழுதானதால், புதிய மடிக்கணினியில் யுஎஸ்பி-சீரியல் மாற்றியைச் செருகி, அதே கேபிளை இணைத்தோம். மென்பொருள் “கண்ட்ரோலர் கிடைக்கவில்லை” என்று மட்டுமே சொல்கிறது. கண்ட்ரோலர் செத்துவிட்டதா, ஐயா?

பதில்: இயந்திரம் தன் வேலையை வழக்கம்போல் செய்துகொண்டிருந்தால் கண்ட்ரோலர் உயிரோடுதான் இருக்கிறது. மாறியவை கணினியும் மாற்றியும்தான். எனவே தேடலை அங்கிருந்து தொடங்குவதே முறை. உற்பத்தியாளர் தந்த மென்பொருளை இப்போதைக்கு மூடிவைத்துவிடுங்கள். அது போர்ட்டைத் திறப்பது, வேகத்தைத் தேர்வது, கண்ட்ரோலரின் மாதிரியைக் கேட்பது என்று பல வேலைகளை ஒரே பொத்தானுக்குள் அடக்கிவிட்டு, எது தவறினாலும் ஒரே செய்தியைக் காட்டும். தட்டச்சு செய்வதைப் போர்ட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து வருவதைத் திரையில் காட்டும் சாதாரணமான ஒரு டெர்மினல் நிரல் இருந்தால் ஒவ்வொரு படியையும் தனியாகப் பார்த்துவிடலாம்.

முதலில் கேபிளைக் கண்ட்ரோலரிலிருந்து கழற்றி, அந்த முனையில் இருக்கும் 9 முனை இணைப்பானின் 2, 3 ஆகிய முனைகளை ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். டெர்மினலில் ஹேண்ட்ஷேக்கை (“அனுப்பு”, “நிறுத்து” என்று இரு பக்கமும் சைகை காட்டும் முறையை) “இல்லை” என்றும், உள் எதிரொலியை (அடிப்பதை டெர்மினல் தானே திரையில் காட்டுவதை) அணைத்தும் வைத்துவிட்டுத் தட்டச்சு செய்தால், நீங்கள் அடிக்கும் எழுத்துகள் அப்படியே திரும்பி வர வேண்டும். கம்பியை எடுத்தால் நின்றுவிட வேண்டும். இது நடந்தால் மாற்றி, அதன் டிரைவர் மென்பொருள், போர்ட் எண், கேபிளின் இரண்டு முக்கியக் கம்பிகள் ஆகிய அனைத்தும் ஒரே சோதனையில் தேறிவிட்டன. நடக்காவிட்டால் கண்ட்ரோலரைத் தொடவே தேவையில்லை. கோளாறு உங்கள் பக்கத்தில் இருக்கிறது. அப்போது முதலில் பார்க்க வேண்டியது சாதன மேலாளரில் மாற்றிக்குக் கிடைத்திருக்கும் காம் போர்ட் எண். பழைய மென்பொருள்களில் பல, காம் 1 முதல் காம் 4 வரை மட்டுமே அறியும். விண்டோஸோ புதிய மாற்றிக்குக் காம் 11, காம் 14 என்று எண் கொடுத்திருக்கும். போர்ட் அமைப்பின் மேம்பட்ட பகுதியில் இந்த எண்ணைக் குறைத்துவிடலாம். மாற்றியை வேறொரு யுஎஸ்பி துளையில் செருகினால் எண் மீண்டும் மாறக்கூடும் என்பதால், ஒரே துளையில் பயன்படுத்துங்கள்.

அடுத்தது கேபிளின் வகை. இங்கேதான் பெரும்பாலோர் மணிக்கணக்கில் தடுமாறுகிறார்கள். ஆனால் ஒரு மல்டிமீட்டர் போதும். சீரியல் போர்ட்டுகளின் வழக்கமான மின் முறையான ஆர்எஸ்-232-இல், எதையும் அனுப்பாமல் சும்மா இருக்கும் அனுப்பு முனையில், தரை முனையுடன் ஒப்பிடும்போது எதிர் மின்னழுத்தம் நிற்கும். பொதுவாக அது -5 வோல்ட் முதல் -12 வோல்ட் வரை இருக்கும். கண்ட்ரோலரின் இணைப்பானில் 5-ஆம் முனையைத் தரையாகக் கொண்டு 2, 3 ஆகியவற்றை அளந்து பாருங்கள். எதிர் மின்னழுத்தம் 2-இல் இருந்தால், அது கணினியின் 2-ஆம் முனைக்கே, அதாவது கணினி வாங்கும் முனைக்கே செல்ல வேண்டும். ஆகவே நேர் கேபிள் தேவை. எதிர் மின்னழுத்தம் 3-இல் இருந்தால் கண்ட்ரோலரும் கணினியைப் போலவே கம்பியிடப்பட்டிருக்கிறது. 2-உம் 3-உம் குறுக்காக மாறும் நல்-மோடம் கேபிள் தேவை. இரண்டிலும் எதிர் மின்னழுத்தம் இல்லாமல் சுழியமோ 5 வோல்ட்டோ தெரிந்தால் நிறுத்திவிட்டுக் கையேட்டைப் பாருங்கள். அந்த 9 முனை இணைப்பான் ஆர்எஸ்-422 என்ற வேறொரு மின் முறைக்காகவோ வேறு எதற்காகவோ இருக்கலாம். உருவம் ஒன்றாக இருப்பதால் மட்டும் அது ஆர்எஸ்-232 ஆகிவிடாது. 25 முனை இணைப்பானாக இருந்தால், கணினியின் பக்கத்தில் அனுப்புவது 2, வாங்குவது 3, தரை 7 என்று எண்கள் மாறும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேபிள் சரியாக இருந்தும் கண்ட்ரோலர் மௌனமாக இருந்தால் ஹேண்ட்ஷேக் கம்பிகளைச் சந்தேகியுங்கள். கணினி கேட்கத் தயாராக இருக்கிறது என்ற சைகை வரும்வரை பல கண்ட்ரோலர்கள் பதிலை வெளியிடுவதில்லை. 2, 3, 5 என மூன்று கம்பிகள் மட்டும் உள்ள கேபிளில் அந்தச் சைகை வர வழியே இல்லை. சோதனைக்காகக் கண்ட்ரோலர் பக்கத்தில் 7, 8 ஆகிய முனைகளை ஒன்றாக இணைத்துப் பாருங்கள். பதில் வந்தால் முழுக் கம்பிகளும் உள்ள கேபிளை வாங்கிவிடுங்கள்.

கடைசியாக, வரியை முடிக்கும் குறியீடு. கேலில் நிறுவனத்தின் டிஎம்சி வகைக் கண்ட்ரோலர்களில், எண் 13 உடைய கேரியேஜ் ரிட்டர்னை மட்டும் அனுப்பினாலே முக்காற்புள்ளி (:) ஒன்று திரும்பி வரும். புரியாத கட்டளைக்குக் கேள்விக்குறி வரும். கேள்விக்குறி வந்தாலும் மகிழுங்கள், இணைப்பு கிடைத்துவிட்டது என்பதே அதன் பொருள். டெர்மினல் எண் 10 உடைய லைன் ஃபீடை மட்டும் அனுப்பும்படி அமைக்கப்பட்டிருந்தால், கேரியேஜ் ரிட்டர்னை எதிர்பார்க்கும் கருவி கட்டளை இன்னும் முடியவில்லை என்று எண்ணிக் காத்துக்கொண்டே இருக்கும்.

டெர்மினலில் எல்லாம் சரியாக இயங்கி, உற்பத்தியாளரின் மென்பொருளில் மட்டும் இணைப்பு தவறினால், காரணம் பெரும்பாலும் காலத்தாமதம். எஃப்டிடிஐ நிறுவனத்தின் சில்லு உள்ள மாற்றிகளில், வந்த எழுத்துகளைக் கணினிக்கு அனுப்பும் முன் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்லும் லேட்டன்சி டைமர் இயல்பாக 16 மில்லிவினாடியாக இருக்கும். மேம்பட்ட அமைப்பில் அதை 1 ஆக்கலாம். மென்பொருள் டாஸ் காலத்தது என்றால் நிலைமை வேறு. அது காம் 1-இன் முகவரியான 3எஃப்8-இல் வன்பொருளை நேரடியாகவே தொடும். யுஎஸ்பி மாற்றி அந்த முகவரியில் இல்லை, விண்டோஸ் எக்ஸ்பியும் அதன் வழிவந்தவையும் அப்படித் தொட விடுவதும் இல்லை. போதாக்குறைக்கு, 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் ஓடவே மாட்டா. அந்த நிலையில் டாஸ்பாக்ஸ் நிரலில் காம் போர்ட்டை நேரடியாக ஒப்படைத்துப் பாருங்கள். அதிலும் நேரக்கணக்கு ஒத்துவராவிட்டால், உண்மையான சீரியல் போர்ட் உள்ள பழைய கணினி ஒன்றை இந்த வேலைக்காகவே ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: இணைப்பு கிடைக்கிறது. ஆனால் திரையில் பொருளற்ற குறிகளாக வருகின்றன. மாஸ்டர் ரீசெட் ஜம்பரை (பலகையில் இரு முனைகளை இணைக்கும் சிறு செருகியை) போட்டு ஒருமுறை மின்சாரம் கொடுத்தால் எல்லாம் ஆலை அமைப்புக்குத் திரும்பிவிடும் என்று உடன் பணிபுரிபவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். உங்கள் கண்ட்ரோலருக்குள் இருக்கும் நிரல், ஒவ்வோர் அச்சின் கெயின் மதிப்புகள் (பிழையை எவ்வளவு வலுவாகத் திருத்துவது என்ற அளவுகள்), பிழை வரம்புகள், லிமிட் சுவிட்சுகளின் திசை, தொடக்க இடத்தைத் தேடும் ஹோமிங் முறை ஆகியவற்றின் நகல் உங்கள் கையில் இல்லையென்றால், அந்த ஜம்பர் இயந்திரத்தின் முழு அறிவையும் ஒரே நொடியில் அழித்துவிடும். அதைவிட மோசமான ஆபத்தும் உண்டு. மோட்டாரின் திசையோ, அச்சின் இடத்தை அளக்கும் என்கோடரின் திசையோ முன்பு மென்பொருள் அமைப்பால் திருப்பி வைக்கப்பட்டிருந்தால், ஆலை அமைப்பில் பின்னூட்டம் தலைகீழாகிவிடும். பிழையைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிக்கொண்டே சென்று, டிரைவ் இயங்கிய கணத்திலேயே அச்சு முழு வேகத்தில் ஓடி முட்டும்.

பொருளற்ற குறிகள் வருவது உண்மையில் நல்ல செய்தி. கம்பிகள் சரி, கண்ட்ரோலர் பேசுகிறது, வேகம் மட்டும் பொருந்தவில்லை என்று அது சொல்கிறது. 300, 1200, 2400, 4800, 9600, 19200, 38400, 57600, 115200 என்று பாட் வேகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். சில எழுத்துகள் சரியாகவும் சில தவறாகவும் வந்தால், வேகம் சரி, டேட்டா பிட்டுகளோ, பிழை காணச் சேர்க்கும் பிட்டான பேரிட்டியோ மாறியிருக்கின்றன என்று கொள்ளலாம். 8 பிட், பேரிட்டி இல்லை என்பதற்குப் பதிலாக 7 பிட், இரட்டைப் பேரிட்டி என்று வைத்துப் பாருங்கள். எழுத்துகள் இரண்டிரண்டாக வந்தால் அது கோளாறே அல்ல. கண்ட்ரோலரும் டெர்மினலும் இரண்டுமே எதிரொலிக்கின்றன, ஒன்றை அணைத்தால் போதும். பலகையில் டிப் சுவிட்சுகள் இருந்தால், அவற்றின் நிலையைப் படம் எடுத்துவிட்டுக் கையேட்டுடன் ஒப்பிடுங்கள். வேகத்தை அங்கேயே அமைத்திருக்கும் வாய்ப்பு அதிகம்.

இணைப்பு சரியாகக் கிடைத்த முதல் கணத்தில், வேறு எந்தக் கட்டளைக்கும் முன்பாக, உள்ளிருப்பதை எல்லாம் கணினிக்கு எடுத்து வையுங்கள். நிரல், அளவுருக்கள், மாறிகள், அட்டவணைகள், ஃபர்ம்வேர் பதிப்பு எண் எல்லாம் அதில் அடங்கும். எடுக்கும் திசையையும் போடும் திசையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கண்ட்ரோலரிலிருந்து கணினிக்கு வருவதுதான் இப்போது தேவை. மென்பொருளுக்கு மென்பொருள் “அப்லோட்”, “டவுன்லோட்” என்ற சொற்கள் இடம் மாறுவதால், பொத்தானை அழுத்தும் முன் உதவிப் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். எடுத்ததை மீண்டும் ஒருமுறை எடுத்து, இரண்டு கோப்புகளும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். நினைவகம் பேட்டரியால் காக்கப்படும் வகை என்றால், கண்ட்ரோலரின் மின்சாரம் இயங்கும்போதே பேட்டரியை மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துக் குறித்து வையுங்கள்.

கேள்வி: டிரைவ்களை இயக்காதவரை தொடர்பு அருமையாக இருக்கிறது. இயக்கிய உடனே துண்டிக்கப்படுகிறது. சில நேரம் மடிக்கணினியில் யுஎஸ்பி மாற்றியே மறைந்துபோகிறது. கேபிளை மூன்று வகையில் மாற்றியும் பயனில்லை.

பதில்: நீங்கள் எழுதியிருப்பதிலேயே காரணம் இருக்கிறது. டிரைவ் தன் மின்னோட்டத்தை விநாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டித்தான் மோட்டாருக்குக் கொடுக்கிறது; அந்த வெட்டலின் கூர்மையான விளிம்புகள் மோட்டார் கேபிளிலிருந்து கசிந்து, இயந்திரத்தின் உலோக உடல் வழியாகவும் தரைக்கம்பி வழியாகவும் திரும்புகின்றன. ஆர்எஸ்-232-இல் எல்லா சைகைகளும் ஒரே தரைக்கம்பியை ஒப்பிட்டே அளக்கப்படுகின்றன. அந்தத் தரையே ஆடும்போது சைகையும் ஆடுகிறது. யுஎஸ்பியோ இதைவிட மெல்லியது. அது தவறாகப் படிப்பதோடு நிற்காமல் இணைப்பையே விட்டுவிடும்.

ஓர் எளிய சோதனையைச் செய்யுங்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் மட்டும் இயக்கிப் பாருங்கள். தொல்லை நின்றுவிட்டால், இயந்திரத்தின் தரையும் சார்ஜரின் தரையும் சேர்ந்து ஒரு வளையமாகி, இடைஞ்சல் மின்னோட்டம் உங்கள் கேபிள் வழியாக ஓடுகிறது என்று உறுதியாகிறது. இதற்குத் தீர்வு மின் தனிமைப்படுத்தி. ஒளி வழியாகத் தகவலைக் கடத்தும் ஆர்எஸ்-232 தனிமைப்படுத்தியையோ, யுஎஸ்பி தனிமைப்படுத்தியையோ இடையில் வையுங்கள். சார்ஜர் செருகியின் தரை முனையை உடைப்பதும், இயந்திரத்தின் பாதுகாப்புத் தரைக்கம்பியைக் கழற்றுவதும் ஒருபோதும் தீர்வாகாது. அது தகவல் தொடர்பைக் காப்பாற்றி ஆளைக் கொல்லக்கூடிய செயல்.

பேட்டரியில் ஓடும்போதும் தொல்லை தொடர்ந்தால், இடைஞ்சல் காற்று வழியாகவும் பக்கத்துக் கேபிள்கள் வழியாகவும் நுழைகிறது. சீரியல் கேபிள் மோட்டார் கேபிளோடு ஒரே கட்டில் ஓடுகிறதா என்று பாருங்கள். பிரித்துவிட்டு, கடக்க வேண்டிய இடத்தில் செங்கோணத்தில் கடக்க விடுங்கள். மோட்டார் கேபிளின் கவசம் டிரைவ் பக்கத்தில் நீண்ட வால்போல் முறுக்கிக் கட்டப்பட்டிருந்தால், அதை வெட்டிவிட்டு, கவசத்தின் சுற்றளவு முழுவதையும் பற்றும் கிளிப்பால் உலோகத் தட்டில் இறுக்குங்கள். இந்த ஒரு மாற்றம் செய்யும் நன்மை பலரும் நம்பாத அளவுக்குப் பெரியது. யுஎஸ்பி கேபிளை மிகக் குட்டையாகவும், மின்பெட்டிக்கு வெளியிலும் வையுங்கள். தூரம் தேவையென்றால் அதைச் சீரியல் பக்கத்தில் கொடுங்கள். ஆனால் ஆர்எஸ்-232-க்கு 15 மீட்டர் என்பதே வழக்கமான எல்லை. அதற்கு மேல் போவதானால் இரு முனையிலும் ஆர்எஸ்-422 மாற்றிகளை வையுங்கள்; அது ஒவ்வொரு சைகையையும் இரண்டு கம்பிகளின் வேறுபாடாக அனுப்புவதால், குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை தாங்கும்.

கேள்வி: ஈத்தர்நெட் போர்ட் உள்ள பழைய கண்ட்ரோலர். அதன் ஐபி முகவரி யாருக்கும் தெரியாது. புதிய கணினியோடு நேரடியாக இணைத்தால் விளக்குகூட எரியவில்லை.

பதில்: விளக்கு எரியாதவரை முகவரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பழைய கண்ட்ரோலர்களில் பல 10 மெகாபிட் வேகத்தை மட்டுமே அறிந்தவை. சில புதிய கணினிகளின் 2.5 கிகாபிட் போர்ட்டுகள் அவ்வளவு கீழே இறங்குவதில்லை. இரண்டுக்கும் நடுவில் 10 மெகாபிட்டையும் ஏற்கும் ஒரு சாதாரண ஸ்விட்சை வைத்தால் இருபுறமும் தத்தம் வேகத்தில் பேசும். குறுக்குக் கேபிளா நேர் கேபிளா என்ற கேள்வியும் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

முகவரியை அறிய மிக எளிய வழி, அதே கண்ட்ரோலரில் சீரியல் போர்ட் இருந்தால் அதன் வழியாகக் கேட்பது. முன்பு சொன்ன டிஎம்சி வகையில் டிஹெச் என்ற கட்டளை முகவரியைச் சொல்லிவிடும். சீரியல் போர்ட் இல்லையென்றால், வலையமைப்பில் செல்லும் தகவல்களைக் காட்டும் வயர்ஷார்க் நிரலைக் கணினியில் ஓடவிட்டுக் கண்ட்ரோலருக்கு மின்சாரம் கொடுங்கள். முகவரி இல்லாத கண்ட்ரோலர்களில் பல, 1985-இல் வரையறுக்கப்பட்ட பூட்பி நெறிமுறை வழியாக முகவரி கேட்டு உரக்கக் கூவிக்கொண்டிருக்கும். அந்தக் கோரிக்கை திரையில் தெரியும். அப்போது கணினியின் ஃபயர்வால் யுடிபி 67, 68 ஆகிய போர்ட்டுகளை அடைக்காமல் இருக்க வேண்டும். முகவரி கிடைத்ததும், கணினிக்கும் அதே வலையமைப்பில் நிலையான முகவரி ஒன்றைக் கொடுங்கள், கண்ட்ரோலர் 192.168.1.20 என்றால் கணினி 192.168.1.50, மறைப்பு 255.255.255.0 என்று இருக்கலாம்.

பிங் கட்டளைக்குப் பதில் வந்தும் மென்பொருள் இணையாவிட்டால், கண்ட்ரோலரின் இணைப்பு எண்ணிக்கை நிரம்பியிருக்கலாம். இவை ஒரு நேரத்தில் சில இணைப்புகளையே தாங்கும். முன்பு பாதியில் நின்றுபோன கணினியின் இணைப்பை இன்னும் திறந்தே வைத்திருக்கும். மின்சாரத்தை அணைத்துப் போட்டால் அது விடுபடும். ஆனால் இன்கிரிமெண்டல் என்கோடர் உள்ள அச்சுகள் தம் இடத்தை மறந்துவிடும் என்பதால், மீண்டும் ஹோமிங் செய்த பிறகே இயந்திரத்தை ஓட்டுங்கள்.

கேள்வி: பழைய கணினிகளின் ஐஎஸ்ஏ துளையில் செருகும் அட்டை வடிவில் உள்ள கண்ட்ரோலர். கணினி சில வாரங்களாக நேரத்தை மறக்கிறது, இப்போது அட்டையையும் காணவில்லை என்கிறது. விர்ச்சுவல் மெஷினுக்கு மாற்றிவிடலாமா?

பதில்: அந்த அட்டையை விர்ச்சுவல் மெஷினுக்குள் கொண்டுபோக வழியில்லை; அது இருக்கும் தாய்ப்பலகையில் ஐஎஸ்ஏ துளை இருந்தே ஆக வேண்டும். ஆனால் உங்கள் அட்டை கெட்டுவிட்டதாக நான் நினைக்கவில்லை. கணினி நேரத்தை மறப்பது, அதன் அடிப்படை அமைப்பான பயாஸின் பேட்டரி தீர்ந்ததற்கான அறிகுறி. பேட்டரி தீர்ந்தால் நேரத்தோடு, குறிப்பிட்ட ஐஆர்க்யூ எண்ணை (சாதனம் செயலியின் கவனத்தை அழைக்கும் வழியின் எண்ணை) பழைய ஐஎஸ்ஏ அட்டைக்கு ஒதுக்கி வைத்திருந்த பயாஸ் அமைப்பும் அழிந்துவிடும். அந்த எண்ணை வேறொரு சாதனம் எடுத்துக்கொள்ளும். பேட்டரியை மாற்றி, அட்டையின் ஜம்பர்கள் காட்டும் ஐஆர்க்யூவை மீண்டும் ஒதுக்குங்கள். முகவரியையும் பாருங்கள். தசம முறையில் 1000 என்று அமைக்கப்பட்ட அட்டை பதினாறன் முறையில் 3ஈ8-இல் நிற்கிறது, அதுவே காம் 3-இன் முகவரி. பயாஸ் புதிதாகக் காம் 3-ஐ இயக்கிவிட்டால் இரண்டும் மோதும். இவற்றைச் செய்வதற்கும் முன்பாக, அந்தக் கணினியின் வன்வட்டைக் கழற்றி முழுப் பிம்ப நகல் ஒன்று எடுத்துவிடுங்கள், ஏனெனில் அட்டைக்கு முன்பே வயதான வட்டுதான் போகும். கணினியை மாற்றியே ஆக வேண்டுமென்றால், ஐஎஸ்ஏ துளையுடன் கூடிய தொழிற்சாலைக் கணினிகள் இன்னும் கிடைக்கின்றன.

கேள்வி: ஃபானக் நிறுவனத்தின் பழைய கட்டுப்பாடுள்ள இயந்திரத்துக்கு நீண்ட நிரலைச் சீரியல் வழியாகச் சிறிது சிறிதாக அனுப்புகிறோம். யுஎஸ்பி மாற்றிக்கு மாறியதிலிருந்து, நடுவழியில் 087 அலாரம் வருகிறது.

பதில்: 087 என்பது, வரும் எழுத்துகளைத் தற்காலிகமாக வைக்கும் இடையகம் நிரம்பி வழிந்துவிட்டது என்று சொல்லும் அலாரம். இயந்திரம் “போதும்” என்பதற்கு எண் 19 உடைய குறியீட்டையும், “தொடரலாம்” என்பதற்கு எண் 17 உடைய குறியீட்டையும் அனுப்புகிறது. கணினி அதைப் படித்து நிறுத்துவதற்குள், மாற்றியின் உள்ளே ஏற்கெனவே வரிசையில் நின்ற எழுத்துகள் வெளியேறிக்கொண்டே இருக்கின்றன; அந்த மிச்சம் இயந்திரத்தில் இருக்கும் இடத்தைத் தாண்டும்போது அலாரம் எழுகிறது. அனுப்பும் நிரலில், இந்த இரு குறியீடுகளைப் பயன்படுத்தும் எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் ஹேண்ட்ஷேக் இயக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். பிறகு மாற்றியின் அமைப்பில் அனுப்பும் இடையகத்தை மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி, லேட்டன்சி டைமரை 1 ஆக்குங்கள். இவ்வளவும் செய்த பின்னும் அலாரம் வந்தால் இரு பக்கமும் வேகத்தை 4800-க்கு இறக்குங்கள். அதற்குப் பிறகும் தீராவிட்டால், தாய்ப்பலகையிலேயே செருகும் சீரியல் அட்டை உள்ள மேசைக் கணினியை இந்த இயந்திரத்துக்கு ஒதுக்குவதே நேரத்தையும் வெட்டுப் பொருளையும் மிச்சப்படுத்தும். 085 வந்தால் வேகம், பேரிட்டி, நிறுத்தப் பிட்டு ஆகியவற்றையும், 086 வந்தால் கேபிளின் ஹேண்ட்ஷேக் கம்பிகளையும் பாருங்கள்.